மீரானின் ஜாக்கி

14 அக்டோபர் 2003, செவ்வாய்

பால்காரரிடம் இனி அரை லிட்டர் போதும் என்று சொல்ல வேண்டும். இன்றும் மறந்துவிட்டேன்.

சாயங்காலம் மீரான் வந்தார். பேகம்பூரில் லாரிப் பட்டறை வைத்திருப்பவர், என் வீட்டுக்காரர் ஸ்டான்லியின் சிநேகிதர். போர்டிகோவில் நிற்கும் புல்லட்டைப் பார்க்காமல், என் முகத்தையே பார்த்துப் பேசினார்.

"தப்பா எடுத்துக்கக் கூடாதுக்கா. அந்த ஜாக்கி... பட்டறையில இருந்த இன்னொண்ணு ஒடைஞ்சு போச்சு."

போன வருஷம் ஆடியில் ஸ்டான்லி இரவல் வாங்கியது. புல்லட்டின் சென்டர் ஸ்டாண்டு ஒடிந்து வெல்டிங்குக்குப் போயிருந்தது. அதனால் எஞ்சினுக்கு அடியில் இந்த ஜாக்கியை வைத்து, வண்டியை ஜன்னல் கம்பியோடு கயிற்றால் கட்டி, பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தினார். சங்கிலியைச் சரிபார்த்துவிட்டு இறக்குவதாகச் சொன்னார்.

இறக்கவில்லை. அன்றிலிருந்து வண்டி அப்படியேதான் நிற்கிறது.

கொஞ்ச நாள் பொறுக்கச் சொன்னேன். "அவசரமில்லக்கா" என்றார். அவசரம் இல்லாதவர் எதற்கு வந்தார்?

15 அக்டோபர்

மத்தியானம் கரண்ட் போனது. மின்விசிறி நிற்பதற்குள் அறையைவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

18 அக்டோபர், சனி

ஆனந்தி மதுரையிலிருந்து வந்திருக்கிறாள். ஹாஸ்டல் சாப்பாட்டில் இளைத்துப் போயிருக்கிறாள். பையைக்கூட வைக்காமல் வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தாள்.

"அம்மா, ஜாக்கியில ஆயில் கசியுது. வண்டி இறங்கிக்கிட்டே வருது பாரு. கயிறு மட்டுந்தான் புடிச்சிருக்கு. அவுத்துரவா?"

"தொடாதடி!"

இவ்வளவு சத்தமாகக் கத்துவேன் என்று எனக்கே தெரியாது. குனிந்திருந்தவள் நிமிர்ந்து, "விக்கவும் மாட்டேங்குற, ஓட்டவும் விட மாட்டேங்குற. கடைசியில அது யாரு மேலயாச்சும் விழும்" என்றாள்.

அவளுக்கு எப்படிச் சொல்வது? அன்று காபியோடு வெளியே வந்தேன். ஸ்டான்லி தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், மடியில் ஸ்பானர். பின்சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. அவர் கை சுற்றிவிட்ட சக்கரம். அது ஓடுகிறதே என்ற தைரியத்தில், "காபி ஆறுது" என்றேன். மறுபடியும் சொன்னேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் தோளைத் தொட்டேன் —

அதன் பிறகு தெருவே கூடிவிட்டது. சக்கரம் எப்போது நின்றது? நான் பார்க்கவில்லை. பார்க்காததால்தானோ என்னவோ, ஓடும் எதையும் நிற்கும்வரை பார்க்க முடியவில்லை.

20 அக்டோபர்

ஒரு வழி இருக்கிறது. ஜாக்கிக்குப் பதிலாக வேறு ஏதாவது ஸ்டாண்டு. வண்டியை இறக்காமலே மாற்றிவிடலாம். மீரானுக்கு ஜாக்கி போய்விடும். எனக்கு எல்லாம் இருந்தபடியே இருக்கும்.

27 அக்டோபர், திங்கள்

வடமதுரை ரோட்டில் ஒரு வெல்டிங் பட்டறைக்குப் போனேன். அங்கே இரண்டு வகை வைத்திருந்தார்கள். ஒன்று லாடம் போல வளைத்த இரும்புச் சட்டம். அடியில் சின்னதாக இரண்டு உருளை, பின்னால் நீளமான பிடி. பின்சக்கர அச்சுக்குக் கீழே செருகிப் பிடியை மிதித்தால் வண்டி எழும்பும். ஆனால் ஒருவர் மிதிக்கும்போது இன்னொருவர் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொள்ள வேண்டும். மற்றது நான்கு கால் பீடம், நடுவில் திருகு. எஞ்சினுக்கு அடியில் வைத்துக் கைப்பிடியைச் சுற்றினால் போதும், ஒரே ஆள் ஏற்றிவிடலாம். எண்ணெய் கிடையாது, கசியாது.

போர்டிகோ கொக்கியில் கப்பி மாட்டித் தொங்கவிடலாமா என்றும் கேட்டேன். மேல்பூச்சு ஏற்கெனவே உதிர்கிறது என்றதும் பட்டறைக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார்.

"எது இறங்கவே இறங்காது?"

"இதென்னக்கா கேள்வி? ஏத்துறதே இறக்கத்தான?" என்று சிரித்தார். பிறகு, "வீட்ல ஒத்தையாளாத்தான் தூக்குவீங்களா?" என்றார்.

"ஆமா."

திருகு வைத்ததையே செய்யச் சொல்லிவிட்டு வந்தேன். பஸ்ஸில் அந்தக் கேள்வியும் கூடவே வந்தது.

2 நவம்பர், ஞாயிறு — கல்லறைத் திருநாள்

ஆனந்தியும் நானும் கல்லறைக்குப் போய், பூப்போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தோம். கேட்டைத் திறந்தால் —

புல்லட்டின் ஹேண்டில்பாரில் செவ்வந்தி மாலை. டேங்குக்கு நேர் கீழே, தரையில், எரிகிற மெழுகுவர்த்தி. பக்கத்து வீட்டு இஞ்ஞாசியம்மாள் முக்காடு போட்டுக்கொண்டு ஜெபமாலை உருட்டிக்கொண்டிருக்கிறார்.

ஆனந்தி பாய்ந்துபோய் ஊதி அணைத்தாள். "பெரியம்மா! பெட்ரோல் வண்டி! தெருவோட எல்லாரும் அப்பாகிட்ட போயிருப்போம்!"

"போனா என்னடி, ஸ்டான்லி வேணாம்னா சொல்லப் போறான்?" என்றார் அவர், அசராமல். பிறகு என்னிடம், "முட்டி வலி, கல்லறை வரைக்கும் நடக்க முடியல தாயி. அதான் இங்கனயே ஏத்திட்டேன். நீயும் அவனுக்காகத்தான இத இப்புடி வச்சிருக்க?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனந்தியும் சிரித்தாள். சிரித்து முடித்த பிறகுதான் அவர் கேட்டது உறைத்தது. ஊர்க் கண்ணுக்கு இது கல்லறை. தினமும் செருப்பைக் கழற்றிவிட்டு நான் சுற்றிப் போவதும் இதைத்தானா? புனித சவேரியார் பெயர் வைத்த கல்லறைத் தோட்டத்தில் ஸ்டான்லி படுத்திருக்கிறார். இங்கே யார் இருக்கிறார்கள்?

மாலையை நான்தான் கழற்றினேன். ஒன்றேகால் வருஷத்தில் முதல் தடவையாக அந்த வண்டியைத் தொட்டேன். வெயிலில் சூடாக இருந்தது, அவ்வளவுதான்.

3 நவம்பர்

காலையில் பஸ் ஏற்றிவிடும்போது ஸ்டாண்டு விஷயத்தை ஆனந்தியிடம் சொன்னேன்.

"ஒத்தையாள் ஸ்டாண்டா? ஏன், நான் என்ன செத்தா போயிட்டேன்?"

வீட்டுக்கு வந்ததும் பட்டறைக்கு போன் செய்தேன். இன்னும் இரும்பு வெட்டவில்லையாம். லாடம் போல வளைத்ததையே கொடுங்கள் என்றேன்.

16 நவம்பர், ஞாயிறு

மீரான் வந்திருந்தார். ஆனந்தி ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டாள். கயிறு ஸ்டான்லி போட்ட முடிச்சு, மழையிலும் வெயிலிலும் இறுகிக் கிடந்தது. மீரான் கத்தியை நீட்டினார். வாங்கவில்லை. நகம் பிய்ந்தாலும் கையாலேயே அவிழ்த்தேன்.

"செத்த நேரம் அசையாம புடி அப்பு" என்று ஆனந்தியிடம் சொல்லிவிட்டு ஜாக்கியைத் தளர்த்தினார். பின்சக்கரம் தரையைத் தொட்டது. சத்தமே இல்லை. டயரில் காற்று இல்லை.

ஜாக்கியைத் துண்டால் துடைத்தார், நெடுநேரம். போகும்போதுதான் வண்டியை நேராகப் பார்த்தார்.

வண்டியைச் சைடு ஸ்டாண்டில் சாய்த்துவிட்டோம். புது ஸ்டாண்டு மூலையில் சும்மா கிடக்கிறது. இன்று முடியவில்லை.

20 நவம்பர்

கரண்ட் போனது. எழுந்தேன், அறை வாசல்படி வரைதான் போனேன்.

23 நவம்பர், ஞாயிறு

ஹேண்டில்பாரை நான் பிடித்தேன். ஆனந்தி பிடியை மிதித்தாள். முதல் தடவை வண்டி என் பக்கம் சாய்ந்தது. "அம்மா, புடிக்கச் சொன்னா கட்டிப்புடிச்சுக்கிட்டு நிக்கிற!" அடுத்த தடவை எழும்பிவிட்டது.

சங்கிலிக்கு எண்ணெய் விட்டாள். பிறகு என்னைக் கேட்காமலே பின்சக்கரத்தைச் சுற்றிவிட்டாள்.

உள்ளே போய்விடலாம் என்று திரும்பினேன். போகவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முதலில் கம்பிகளே தெரியவில்லை. பிறகு மங்கலாகத் தெரிந்தன. பிறகு ஒவ்வொன்றாகத் தெரிந்தன. கடைசியில் சக்கரம் ஒரு சாண் பின்னால் வந்தது, தயங்கியது, நின்றது.

"அம்மா, காபி ஆறுது."

"வாரேன்" என்றேன்.