செலின் என்னை அழைக்கும் சொல்

நேற்று உன் மகள் செலினுக்குத் திருமுழுக்கு. ஃபாதர் அவள் உச்சியில் பூசிய எண்ணெயின் வாசனை இன்னும் போகவில்லை. இன்று காலை வேலைக்குப் போகிற வழியில் உன் வீட்டுக்காரர் அவளை என்னிடம் விட்டுப் போனார். வாங்கித் தோளில் சாய்த்ததும் அந்த வாசனைதான் முதலில் வந்தது. குளிப்பாட்ட மனம் வரவில்லை. தூங்க வைத்துவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன். நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. இதை வேறு யாரிடமும் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. உன்னிடம் சொல்வதற்கும் வெட்கம்தான்.

ஜெலுத்தோங் ஃபிளாட்டில் நமக்கு எதிரெதிர் வீடு. பாயான் லெப்பாஸ் போகும் தொழிற்சாலை பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து இருக்கை. கல்யாணமாகிப் பல வருடமாகியும் எனக்குக் குழந்தை இல்லை என்பதை அந்த பஸ்ஸில் ஆளுக்கு ஆள் விசாரிப்பார்கள். நீ மட்டும் ஒரு நாளும் விசாரித்ததில்லை. அதற்குப் பதிலாக ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை ஃபெர்ரியில் ஏற்றி, புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் கோயில் திருவிழாவுக்கு அழைத்துப் போனாய். இந்துக்காரிக்கு அங்கே என்ன வேலை என்று கேட்டேன்.

“அன்னம்மாளும் புள்ளைக்காக ஏங்குனவங்கதான்லா. அவங்க ஒன்னும் ஐசி அட்டைல என்ன மதம்னு பாக்க மாட்டாங்க, வா.”

என் பேரைச் சொல்லி நீயே மெழுகுவத்தி ஏற்றினாய். காற்று அணைக்காமல் இருக்கக் கையை வளைத்துக்கொண்டு நின்றாய். மெழுகு விரலில் சொட்டியும் கையை எடுக்கவில்லை.

அடுத்த வருடம் நீதான் உண்டானாய். தொளதொளவென்ற தொழிற்சாலை மேலங்கிக்குள் அதை மூன்று நான்கு மாதம் மறைத்தாய். கேன்டீன் அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. உன் வீட்டு வாசலில் வந்து நின்றேன். திருடி அகப்பட்டவள்போல அழுதாய்.

“ஒனக்குத்தான் கேட்டேன். எனக்கு வந்துருச்சு. எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு ஒன்கிட்ட சொல்றது?”

நான் சிரித்தேன். “பைத்தியமா நீ?” என்று திட்டினேன். சந்தோஷத்துக்குப் போய் ஒருத்தி வெட்கப்படுவாளா என்று அன்று எனக்கு உண்மையாகவே விளங்கவில்லை.

செலினுக்கு ஐந்து மாதமானபோது உனக்கு டெங்கி வந்தது. மருத்துவமனையில் உனக்குப் பேச முடிந்த கடைசி நாளில் என்னிடம் ஒன்றுதான் கேட்டாய். “செலினுக்கு ஞானஸ்நானம் குடுக்கணும். அவருக்கு ஒன்னும் தெரியாது, தனியா அலைவாரு. நீ கூடப் போ.” அவ்வளவுதான் கேட்டாய். அவளுக்குத் தாயாக இரு என்று நீ சொல்லவில்லை. அதை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

நான் வேலையை விட்டேன். பகலெல்லாம் அவள் என்னிடம், இரவில் அப்பாவிடம். ஒரு நாள் அரிசி களைந்துகொண்டிருந்தேன். தவழ்ந்து வந்து என் நைட்டியைப் பிடித்து எழுந்து நின்று “அம்மா” என்றாள். வீட்டில் வேறு யாரும் இல்லை. குழாயை மூடிவிட்டு அவள் முன்னால் குந்தி, “இன்னொரு தடவ சொல்லு” என்றேன். சொன்னாள். மாலையில் உன் வீட்டுக்காரர் வந்தபோது, அவள் பேச ஆரம்பித்துவிட்டாள் என்று நான் சொல்லவில்லை.

திருமுழுக்குக்கு முன்னால் பெற்றோருக்கான வகுப்பு கோயிலுக்குப் பின்னால் உள்ள மண்டபத்தில் நடந்தது. நான் அண்ணன் என்று கூப்பிடும் உன் வீட்டுக்காரர் செலினைத் தூக்கிக்கொள்ள, நான் பால் போத்தல் பையோடு பின்னால் போனேன். படியில் நின்று நெற்றித் திருநீற்றை முந்தானையால் துடைத்தேன். யாரும் துடைக்கச் சொல்லவில்லை.

வகுப்பு எடுத்தவர் ஓய்வு பெற்ற ஆசிரியை, ரோஸ் டீச்சர். தாய்மார்கள் தத்தம் குழந்தையின் நெற்றியில் சிலுவை வரைந்து பழகவேண்டும் என்றார். செலின் என் மடியில் இருந்தாள். எனக்கு எந்தப் பக்கம் தொடங்குவது என்று தெரியவில்லை. டீச்சர் வந்து என் கட்டை விரலைப் பிடித்தார்.

“மேலேருந்து கீழ, அம்மா. அப்புறம் குறுக்க. அவ்ளோதான்.”

அம்மா என்று யாரையும்தான் அழைப்பார்கள், அதில் ஒன்றும் இல்லை என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். டீச்சர் செலினின் தாடையைத் தொட்டு, “அப்படியே அம்மா ஜாடை” என்றார். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். நான் சிரித்தேன். அந்தத் தாடை உன்னுடையது. அது எனக்குத் தெரியும், உன் வீட்டுக்காரருக்கும் தெரியும். இருந்தும் சிரித்தேன்.

வீட்டுக்குத் திரும்பினோம். ஃபிளாட் வாசலில் காரை நிறுத்திவிட்டு அவர் மெதுவாகச் சொன்னார். “சொல்லணும்னுதான் வாயத் தொறந்தேன், தங்கச்சி. அவ செத்துட்டான்னு இன்னொரு தடவ சொல்ல வரல.”

அடுத்த வாரம் வகுப்பு முடிந்ததும் நான் டீச்சரிடம் போய், நான் தாய் இல்லை, கத்தோலிக்கரும் இல்லை, எதிர்வீட்டுக்காரி என்றேன். திட்டுவார் என்று நினைத்திருந்தேன். அவர் என் கையைப் பிடித்து, “கேக்காம பேசிட்டேனே, மன்னிச்சிக்கம்மா” என்றார். திட்டியிருந்தால் எனக்கு இவ்வளவு கூசியிருக்காது.

ஞானத்தாயாக நிற்க உன் அக்கா தைப்பிங்கிலிருந்து வந்தார். இரண்டு மூன்று முறைதான் அவர் செலினைப் பார்த்திருக்கிறார். வெள்ளைக் கவுன் போட்டு, அவர் கையில் செலின். அண்ணன் பக்கத்தில். நானும் என் கணவரும் நான்காவது வரிசையில். ஃபாதர் குழந்தையின் பெயரைக் கேட்டார். அண்ணன் பதில் சொல்வதற்குள் செலின் திரும்பிப் பார்த்து, என்னைக் கண்டுபிடித்து, இரண்டு கையையும் நீட்டி அலறினாள். “அம்மா! அம்மா!”

கோயில் முழுக்கத் திரும்பியது. உன்னைத் தெரிந்தவர்கள், உன்னை அடக்கம் செய்ய வந்தவர்கள் எல்லாரும் அங்கே இருந்தார்கள். எனக்கு முன்னிருக்கைக்குக் கீழே போய் ஒளிந்துகொள்ளவேண்டும்போல இருந்தது. “எழுந்து போ லா” என்று என் கணவர் முழங்கையால் இடித்தார். முன்னிருக்கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தேன்.

உன் அக்காவே இறங்கி வந்தார். முகத்தில் கோபம் இருக்கிறதா என்று பார்த்தேன். அழுதுகொண்டிருந்தார். “புடிங்க. என்னைய அவளுக்குத் தெரியலையே” என்று செலினை என்னிடம் கொடுத்தார். பிறகு என் தோளைப் பிடித்துத் தொட்டிக்கு அழைத்துப் போனார். என் கையில் இருந்தபடி, அக்காவின் கை அவள் முதுகில் இருக்க, செலின் தலையில் மூன்று முறை தண்ணீர் விழுந்தது. என் புடவையும் நனைந்தது. நீ கேட்டது நடந்துவிட்டது.

அதன்பிறகு மண்டபத்தில் மீ கோரேங் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். செலின் என் மடியிலிருந்து அவர் காதணியை எட்டிப் பிடித்தாள்.

“நான் ஒனக்குப் பெரியம்மா. இவங்க சின்னம்மா. சரியா?” என்று அவளிடம் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். “நீங்க என்னா சொல்றீங்க? எனக்கும் ஒரு தங்கச்சி வேணும்தானே.”

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். உன் தங்கையாக என்னை உன் குடும்பத்தில் சேர்த்துக்கொண்டார். அதைவிடப் பெரிதாக யார் என்ன கொடுக்க முடியும்? “சரிக்கா” என்றேன். சொல்லும்போதே உள்ளே எங்கோ வலித்தது. கையிலிருந்த ஒன்றைப் பிடுங்கிக்கொண்டதுபோல வலித்தது. உன் அக்கா அழுத கண்ணோடு எனக்கு ஓர் உறவைக் கொடுக்கிறார், நான் உன்னுடைய ‘அம்மா’ என்ற சொல் என்னைவிட்டுப் போகிறதே என்று வருந்துகிறேன். அந்த வலியை நினைத்து நேற்று இரவெல்லாம் கூனிக் குறுகிக் கிடந்தேன்.

நீ இருந்திருந்தால் அந்தச் சொல் எனக்கு வந்திருக்காது. அவள் அதைச் சொல்லும்போது எனக்கு வருகிற சந்தோஷம் நீ இல்லாததால் வருவது. அதை வேண்டாம் என்று தள்ளவும் என்னால் முடியவில்லை. சந்தோஷத்துக்கு ஏன் வெட்கப்பட வேண்டும் என்று உன்னிடம் இப்போது கேட்கமாட்டேன்.

அவளுக்குச் சொல்லித்தர ஆரம்பித்துவிட்டேன். சுவரில் உன் படத்தைக் காட்டி “அம்மா” என்கிறேன். என் நெஞ்சில் கை வைத்து “சின்னம்மா” என்கிறேன். சற்று முன் தூக்கம் சொக்கும்போது என் கழுத்தைக் கட்டிக்கொண்டு “அம்மா” என்றாள். திருத்தினேன். ஆனால் உடனே திருத்தவில்லை. ஒரு மூச்சு விடும் நேரம் அந்தச் சொல்லைக் கேட்டபடி இருந்துவிட்டுத்தான் திருத்தினேன். நாளைக்கும் அப்படித்தான் செய்வேன் என்று எனக்குத் தெரியும்.