ஞாயிற்றுக்கிழமை முதல் கேள்வி

நகரி,
புரட்டாசி கடைசி.

அன்புள்ள தீனாவுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் நைனாவும் இங்கே சுகம், குவைத் வெயிலில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது நினைத்துக்கொள்கிறேன். வாரம் தவறாமல் போனில் பேசுகிற பிள்ளைக்கு எதற்குக் கடிதம் என்று சிரிக்காதே, போனில் சொல்ல வாய் வராத ஒன்று இருக்கிறது, அதனால்தான் ஊருக்கு வந்த உன் சிநேகிதன் எழிலரசனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

இடுப்பு வலிக்கு வருஷக்கணக்காக விழுங்கின மாத்திரையால் என் வயிறு புண்ணாகி, திருப்பதி டாக்டர் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தினது உனக்குத் தெரியும். அங்கே உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கிற ரோஹிணி, வலி கம்மியா இருக்கிற நாள்ல எல்லா வேலையும் இழுத்துப் போட்டுக்கினு செய்யறீங்க, அப்புறம் படுத்துடறீங்க, நல்ல நாள்லயும் கொஞ்சம்தான், முடியாத நாள்லயும் கொஞ்சமாச்சும் செய்யுங்க என்றாள். காலையில் படுத்தபடியே முழங்காலை மடக்கி நீட்டுகிறேன், சாயங்காலம் ஸ்டேஷன் பக்கம் நடக்கிறேன், என்னைக் காவல் காக்க உன் நைனாவும் வருகிறார், வழியில் அவருக்குத்தான் மூச்சு வாங்குகிறது.

என் பயமெல்லாம் மூன்றாம் சனிக்கிழமைத் தளிகைதான். பெருமாளுக்குப் படைக்கிறவரை பச்சைத் தண்ணீர் குடிக்கக் கூடாது, அடுப்படியில் வேறு யாரும் கை வைக்கக் கூடாது என்பது நானாகப் போட்டுக்கொண்ட சட்டம். அந்த வெறும் வயிற்றில் மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டுதான் வருஷா வருஷம் நின்றேன், அது விரதத்தில் சேராது என்று எனக்கு யார் சொன்னார்களோ. இந்த வருஷம் ஓட்டலில் வாங்கிப் படை என்று நீ சொன்னபோது கோபம்தான் வந்தது. ஆனாலும் சட்டத்தை நானே தளர்த்திக்கொண்டேன், காலையில் காபி குடித்தேன், ஸ்டூலில் உட்கார்ந்து சமைத்தேன், வடையை உன் நைனா தட்டினார், பாதி வடையில் ஓட்டையே இல்லை. புளியோதரை கிளறும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்த மனிதர் வேட்டி மடிப்பிலிருந்து பழைய மாத்திரை ஒன்றை எடுத்து, இன்னிக்கு ஒண்ணே ஒண்ணு போட்டுக்கோ வள்ளி, சாமி ஒண்ணும் சொல்லாது என்று நீட்டினார். கை நீட்டத்தான் தோன்றியது. சாமி காத்துக்கினு இருக்கட்டும் என்று சொல்லி அடுப்பை அணைத்து, வெந்நீர்ப் பையை வைத்துப் படுத்து, மூச்சை மெல்ல இழுத்து விட்டேன். வலி போகவில்லை, எழுந்திருக்கிற அளவுக்கு இளகியது. மத்தியானம் தாண்டித்தான் மாவிளக்கு ஏற்றி கோவிந்தா போட்டோம். வலியோடுதான் இலை முன்னால் உட்கார்ந்தேன், ஆனால் வயிறு எரியாமல் ருசித்துச் சாப்பிட்ட தளிகை இதுதான்.

இப்போது சொல்ல வந்தது. ஞாயிற்றுக்கிழமை போன் எடுத்ததும் அம்மா, வலி எப்படி இருக்கு என்றுதான் ஆரம்பிக்கிறாய். பாசத்தில் கேட்கிறாய், தெரியும். ஆனால் உனக்குப் பதில் சொல்ல நான் உடம்பில் அதைத் தேட வேண்டியிருக்கிறது, தேடினால் இருக்கத்தான் செய்கிறது, நீ போனை வைத்த பிறகும் போவதில்லை. இனிமேல் என்ன சமைத்தாய், எதுவரை நடந்தாய் என்று கேள். முடியாமல் போனால் டாக்டரிடம் போவேன், உன்னிடம் மறைக்க மாட்டேன்.

தலைக்கு எண்ணெய் வை, ராத்திரி சாப்பிடாமல் படுக்காதே. பெருமாள் உன்னோடு இருப்பார். போன் செய்யும்போது உடனே எடுக்கவில்லை என்றால் பயப்படாதே, நடந்துகொண்டிருப்பேன்.

உன்னை எந்நேரமும் நினைக்கும்
அம்மா வள்ளி