புழுக்களுக்கு விட்ட ஆறு வரிசை

என் சின்னக்குட்டிக்கு அம்மா ஆசையோடு எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உடம்பளவில் சௌக்கியம், அங்கே நீ வேளைக்குச் சாப்பிட்டு, சளி பிடிக்காமல் இருக்க வேண்டும் என்று ஆண்டவனிடம் காலையும் மாலையும் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். உடம்பளவில் என்று எழுதியதைப் பார்த்ததும் பதறிப்போய் போனை எடுக்காதே, முழுக்கப் படி. போனில் இதைச் சொல்ல முடியாது, அப்பா போன் பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்திருப்பார். நான் அனுப்பிய கம்பளிச் சட்டையைப் போடுகிறாயா, கை நீளம் போதுமா? அதை அனுப்ப நான் தபால் ஆபீஸில் நின்ற அன்றைக்குத்தான் எல்லாம் நடந்தது, உன்மேல் குறை சொல்லவில்லை, நாள் அப்படி அமைந்துவிட்டது.

இந்த வருடம் வாங்கிய மக்காச்சோள விதையைப் பற்றிச் சொன்னேனே, ஒரே விதைக்குள் புழுவைக் கொல்லும் குணம் இரண்டு விதம், களைக்கொல்லி பட்டாலும் சாகாத குணம் ஒன்று, மூன்றையும் சேர்த்து வைத்தது. விதை தரும்போதே வேளாண் துறைக்காரர்கள் அப்பாவிடம் கையெழுத்து வாங்கினார்கள், நூற்றிருபது வரிசையில் ஆறு வரிசை சாதாரண விதை போட்டு அதைப் புழு தின்ன விட்டுவிட வேண்டும், வாராவாரம் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று. எதற்கு என்று, புழு ஆராய்ச்சி செய்கிற நீ சொன்னதை என் பாஷையில் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன், சரியா பார். வயல் முழுக்கப் புழுவுக்கு விஷமாக இருந்தால் அதைத் தின்றும் சாகாத ஒன்றிரண்டு முரட்டுப் புழுதான் மிஞ்சும், அவை பூச்சியாகிப் பறந்து தங்களுக்குள்ளேயே ஜோடி சேர்ந்தால் பிறப்பதும் முரடாகத்தான் பிறக்கும், அப்புறம் எந்த விதையும் பலிக்காது. பக்கத்தில் சாதுவான பூச்சி நிறைய இருந்தால் முரடுக்கும் அதில்தான் ஜோடி கிடைக்கும், பிள்ளைகள் அடங்கிப் பிறக்கும். அப்படியென்றால் நாம் ஆறு வரிசை போட்டுப் புழுக்களுக்குச் சம்பந்தம் பேசுகிறோம் என்று அப்பாவிடம் சொன்னேன், வாய்விட்டுச் சிரித்தார். இருமாமல் சிரித்தார், அதைச் சொல்ல வேண்டும். போன வருடம் வரை எட்டுத் தடவை புழு மருந்து அடிப்பார், ஒவ்வொரு தடவையும் நாலு நாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கிடப்பார். இந்த விதை வந்த பிறகு ஒரு தடவைகூட அடிக்கவில்லை, மாடிப்படியை நிற்காமல் ஏறினார்.

அந்த ஆறு வரிசைக்குக் களைக்கொல்லி ஆகாது, அதில் அந்தக் குணம் கிடையாது, அதனால் நான் கையாலேயே களை பறித்துக்கொண்டிருந்தேன். நான் தபால் ஆபீஸ் போன அன்றைக்குப் பார்த்து களைக்கொல்லி ஸ்பிரே அடிப்பவர் வந்துவிட்டார், நாம் மின்னல் என்போமே அவர்தான், நாம் திரும்புவதற்குள் ஒரு வயலை முடித்துவிடுவார். அந்த ஓரத்துக்கும் அடிக்கணுமாண்ணே என்று கேட்டிருக்கிறார். அப்பா யாரிடமோ போனில் பேசிக்கொண்டே, எல்லாத்துக்கும் அடிப்பா, இது என்ன அடிச்சாலும் தாங்கும் என்று கையை ஆட்டிவிட்டார். பத்து நாளில் ஆறு வரிசையும் வெளுத்து, காய்ந்து, சாய்ந்துவிட்டன. புல்லும் செத்தது, பயிரும் செத்தது.

பதிவேட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தபோது அப்பா, ஆறு வரிசையும் நல்லா இருக்குன்னு எழுதிடு என்றார். நான் பேனாவைத் திறக்கவே இல்லை. மறுநாள் விதைக்கடைக்காரரையே கூட்டிக்கொண்டு வந்தார். அவர், அக்கா, எல்லாரும் டிக் போட்டுத்தான் கொடுக்கிறாங்க, யாரு வந்து எண்ணப் போறாங்க, இல்லேன்னு எழுதினா அடுத்த வருஷம் விதை கொடுக்க மாட்டாங்க, அண்ணன் நெஞ்சுக்கு மறுபடியும் மருந்துப் புகையா என்றார். அந்தக் கடைசி வார்த்தைதான் என்னைக் குத்தியது. இரண்டு நாள் எழுதவில்லை, முழங்காலில் நின்று கேட்டுக்கொண்டே இருந்தேன், ஆண்டவன் வாயைத் திறக்கவில்லை. அப்பா, உன் பதிவேட்டை ஆண்டவர் கண்ணாடி போட்டுக்கிட்டு உட்கார்ந்து படிக்கிறாராக்கும் என்றார். அவர் படிக்கிறாரோ என்னவோ, இந்தத் தாளை நம்பித்தானே உன்னைப் போன்றவர்கள் ஆய்வகத்தில் உட்கார்ந்து இந்த ஊரில் புழு முரடாகவில்லை என்று எழுதுகிறீர்கள் என்று நினைத்தேன். நான் பொய் எழுதினால் நீ உண்மை என்று கையெழுத்துப் போடுவாய். எழுதிவிட்டேன். ஆறு வரிசையும் களைக்கொல்லி பட்டுச் செத்தன, தவறு எங்களுடையது என்று எழுதித் தேதி போட்டேன். அடுத்த நாலு நாளும் தனியாகக் குனிந்து சாதாரண விதையைத் திரும்ப ஊன்றினேன்.

பதிவேட்டில் எழுதிய அன்றைக்கு நின்றது அப்பாவின் பேச்சு, இன்றோடு முப்பத்திரண்டு நாள். சாப்பாட்டை மூடி வைத்தால் நான் பின்பக்கம் போன நேரத்தில் வந்து சாப்பிட்டு, தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போகிறார். இத்தனை வருடத்தில் தட்டைத் தொடாதவர், கோபம் வந்தால் பாத்திரம் கழுவுவார் என்று தெரிந்திருந்தால் முன்னாலேயே இரண்டு சண்டை போட்டிருப்பேன். சிரிக்கத்தான் எழுதினேன், நேரில் சிரிக்க ஆள் இல்லை. உப்பு கூடிப்போனால்கூடச் சொல்ல மாட்டேன் என்கிறார். ரேடியோவைத் திறந்து வைத்து, அது சொல்கிற வானிலைக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

போன வியாழக்கிழமை துறையிலிருந்து பரிசோதகர் வந்தார், உன் வயதுதான் இருக்கும். பெரிய பயிர் என் தலைக்கு மேலே நிற்கிறது, நான் ஊன்றியது முழங்கால் உயரம். டேப் வைத்து அளந்தார், பதிவேட்டை இரண்டு முறை படித்தார். யாரும்மா எழுதினது என்று கேட்டார், நான்தான் என்றேன். இந்தப் பக்கத்துல பதினோரு பதிவேடு பார்த்துட்டேன், எல்லாத்துலயும் ஒரே டிக், வயல்ல பார்த்தா வரிசையே இல்லை, செத்துப்போச்சுன்னு எழுதியிருக்கிறது இது ஒண்ணுதான் என்றார். என் மனம் குளிர்ந்துவிட்டது. ஆனாலும் பூச்சி இரண்டு பக்கமும் ஒரே சமயத்துல வெளியே வரணும், இது பிந்திப்போச்சு, விதிப்படி ஒரு வருஷம் இந்த விதை கிடையாதும்மா என்று தலையைக் குனிந்துகொண்டே சொன்னார். அப்பா வாசலில் நின்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். அடுத்த வருடம் மக்காச்சோளமே வேண்டாம், மருந்து கேட்காத பயிர் ஏதாவது போடலாம் என்று நான் நினைத்து வைத்திருக்கிறேன், யாரிடம் சொல்வது.

சாயங்காலம் ஆனால் அந்த ஆறு வரிசைக்குத்தான் போகிறேன். நேற்று முழுதாக இருந்த இலை இன்று சல்லடையாக இருக்கிறது, குருத்துக்குள் மரத்தூள் மாதிரி கழிவு, விலக்கிப் பார்த்தால் குண்டுப் புழு ஒன்று தலையைத் தூக்குகிறது. நான் போட்டதை என் கண் முன்னால் தின்கிறது இது மட்டும்தான், அதனால் கொஞ்ச நேரம் பக்கத்தில் நிற்கிறேன். நேற்று போனபோது முதல் இரண்டு வரிசையில் களை பறித்திருந்தது. நான் பறிக்கவில்லை. ஈர மண்ணில் அப்பாவின் செருப்புத் தடம்.

வேளைக்குச் சாப்பிடு, ஆய்வகத்தில் கையுறை இல்லாமல் எதையும் தொடாதே, உன் புழுக்களுக்குச் சாப்பாடு போடும் அக்கறையில் பாதியை உன் வயிற்றிலும் காட்டு. ஆண்டவன் உன்னைத் தன் கண்ணுக்குள் வைத்துக் காப்பார். ஒன்றே ஒன்று மறக்காதே. ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது எனக்குக் கொடுக்கச் சொல்லாதே, அப்பாவிடமே பேசு, அந்த ஆறு வரிசை எப்படி இருக்கிறது என்று கேள், அடுத்த வருடம் என்ன போடப் போகிறீர்கள் என்றும் கேள். உனக்கு அவர் பதில் சொல்லாமல் இருக்க மாட்டார். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொள்கிறேன்.

உன் வழியைப் பார்த்திருக்கும்
அம்மா