எட்டு அழைப்புகள் வந்த ஒரு மணி நேரம்

அன்புத் தம்பிக்கு,

நலமா என்று கேட்கவே தயக்கமாக இருக்கிறது. செல்போனில் அனுப்பினால் படிக்காமலே அழித்துவிடுவாய். காகிதத்தையாவது பிரித்துப் பார்ப்பாய் என்றுதான் இது. இரண்டு வரி எழுதுவதற்குள் எழுந்து நடக்கத் தொடங்கிவிடுகிறேன். அம்மாவும் நிலைகொள்ளாமல்தான் அலைகிறாள். மடித்த துணியையே மறுபடி மடிக்கிறாள். "அங்க நேரத்துக்குச் சாப்பிடுறானா?" என்று என்னைக் கேட்கிறாள். எனக்கு எப்படித் தெரியும்?

உன் கட்டுப்பாட்டு அறைக்கு ஒரே மணி நேரத்தில் எட்டு ஆம்புலன்ஸ் அழைப்புகள் வந்த அந்தச் சாயங்காலத்தைப் பற்றிய விசாரணை முடிந்தது. உன் தரப்பில் கணக்கை விளக்க உங்கள் ஊழியர் சங்கம் என்னைக் கூப்பிட்டது. கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறவள் என்றாலும், உன் அக்கா என்பதால் விசாரணைக் குழுவினர் ஏற இறங்கத்தான் பார்த்தார்கள். "மணிக்குச் சராசரி ரெண்டு அழைப்பு. ஆறு ஆம்புலன்ஸ் கையில இருந்துச்சு. அப்புறம் எப்படிப் பத்தாம போகும்?" என்றார் தலைவர்.

நாணயம் சுண்டுவதிலிருந்து தொடங்கினேன். ஒவ்வொரு நிமிடமும் அழைப்பு வரும், அல்லது வராது. பெர்னோலி பரவல் அவ்வளவுதான். அறுபது நிமிடத்தில் எத்தனை வந்தது என்று கூட்டினால் ஈருறுப்புப் பரவல். நிமிடத்தை நொடியாக, நொடியை இன்னும் பொடியாக நறுக்கிக்கொண்டே போ. ஒவ்வொரு துணுக்கிலும் வாய்ப்பு சிறுத்து, சராசரி மட்டும் அப்படியே நின்றால் அதுவே பாய்சான் பரவலாகிவிடும். அழைப்புகள் ஒன்றையொன்று இழுத்து வராதவரை இந்தக் கணக்கு சரி. அன்று எட்டும் எட்டுத் தெருவிலிருந்து வந்தவை.

எட்டோ அதற்கு மேலோ வருவது ஏறக்குறைய தொள்ளாயிரம் மணி நேரத்துக்கு ஒருமுறை. "அவ்வளவு அபூர்வமா?" என்று தலைவர் சிரித்தார். வருடத்துக்கு எட்டாயிரத்துச் சொச்சம் மணி நேரம் இருக்கிறதே, ஒன்பது பத்து முறை வரத்தானே செய்யும் என்றேன். மற்ற முறைகளில் வண்டிக்குக் காத்திருந்தவர்களுக்குக் கை முறிவு, கால் சுளுக்குதான், அதனால் யாரும் கண்டுகொள்ளவில்லை.

அவர் விடவில்லை. "மத்தியானம் முழுக்க ஒண்ணும் வரல. சாயந்திரம் மொத்தமா வரும்னு உங்க தம்பி உஷாரா இருந்திருக்கணும்" என்றார். என் குரல் உயர்ந்துவிட்டது. அடுத்த அழைப்புக்கு எத்தனை நிமிடம் காத்திருப்போம் என்பதும் அதே நாணயத்திலிருந்து பிறப்பதுதான், பெருக்குப் பரவல். அதற்கு ஞாபகம் கிடையாது. எவ்வளவு நேரம் சும்மா கழிந்தாலும் அடுத்த நிமிடத்தின் வாய்ப்பு கூடுவதில்லை. உன்னால் அறிந்திருக்க முடியாது, தம்பி.

உன்மேல் குற்றமில்லை என்று எழுதிவிட்டார்கள். கூடுதல் வண்டிகளும் வாங்கப்போகிறார்கள். எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை.

வெளியே அந்தத் தையல்காரர் நின்றிருந்தார். மாடியிலிருந்து விழுந்த குழந்தைக்குக் கடைசி வண்டியை நீ அனுப்பியதால், நெஞ்சுவலியில் மனைவியைப் பறிகொடுத்தவர். "உங்க கணக்கு புரிஞ்சுதும்மா. ஆனா அந்த ஒரு மணி நேரம் என் வீட்டுலதானே வந்துச்சு" என்றார். பிறகு சொன்னார்: "வண்டி வர்ற வரைக்கும் அந்தத் தம்பி போனை வைக்கவே இல்ல. நெஞ்சுல எப்படி அழுத்தணும்னு சொல்லிட்டே இருந்தாரு. கடைசியில அவரும் அழுதுட்டாரு. அவர்கிட்ட ஒரு தடவை பேசணும்."

இதை நீ எங்களிடம் சொல்லவே இல்லையே.

உன் எண்ணை அவருக்கு இன்னும் கொடுக்கவில்லை. கொடுக்கட்டுமா? சரி என்று ஒரு வார்த்தை எழுது. இல்லை என்றாலும் எழுது.

உன் பதிலுக்காக ஏங்கும்,
அக்கா