பூபாலசிங்கத்தின் பெயருக்கு வந்த கடிதங்கள்

வெள்ளவத்தை
6.2.2007, செவ்வாய்

அலுமாரிக்குக் கீழே கறையான். அம்மா பழைய ட்ரங்குப் பெட்டியை இழுத்து பல்கனி வெயிலில் வைத்தா. அடியில் அம்மப்பாவும் அம்மம்மாவும் யுத்த காலத்தில் எழுதிய கடிதங்கள். அவர்களுடைய யுத்தம், எங்களுடையதல்ல. கறையான் தொடவில்லை. அதற்கும் காதல் கடிதம் பிடிக்காது போலிருக்கிறது.

11.2, ஞாயிறு

வரதன் போன் எடுத்தார். ஆகஸ்டில் தகப்பனின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குப் போன என் மனுசன், சண்டை தொடங்கிப் பாதை பூட்டியதும் யாழ்ப்பாணத்திலேயே நின்றுவிட்டார். கப்பலுக்குப் பதிந்தால் வரலாம், மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பதிந்தாரா என்று நான் கேட்கவில்லை.

"அம்மா கேக்கிறா, எப்ப வருவியளாம்?" என்றேன்.

"இஞ்சை ரியூட்டரி ஒண்டிலை படிப்பிக்கக் கேட்டிருக்கினம். நிரந்தரமா. உமக்கு அங்கை ஒரு கஷ்டமும் இல்லைத்தானே?"

"ஓம், ஒண்டுமில்லை."

வைத்த பிறகு குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். ஏன் 'ஓம்' என்றேன்? மடச்சி.

16.2, வெள்ளி

கடிதங்களை வாசிக்கத் தொடங்கினேன். அம்மப்பா துறைமுகத்தில் கிளாக்கர். யாழ்ப்பாணத்து உத்தியோகத்தர்கள் சேர்ந்து வாடகைக்கு எடுத்துச் சமையலுக்கும் ஆள் வைத்திருந்த கொட்டாஞ்சேனைச் சமறி ஒன்றில் இருந்திருக்கிறார். 1942இல் கொழும்பில் குண்டு விழுந்ததும் அம்மம்மாவை, வயிற்றில் அம்மாவோடு, ரயிலேற்றி ஊருக்கு அனுப்பிவிட்டார். அவருக்கு வேலையை விட்டு நகர அனுமதி இல்லை.

"விளக்குக்குக் கறுப்புக் கடதாசி சுற்றியிருக்கிறோம். கூப்பன் அரிசியில் கல்லைப் பொறுக்கினால் மிச்சம் ஒரு பிடிதான். உமது கைப் புட்டை நினைத்துக்கொண்டு விழுங்குகிறேன்."

படத்தில் முறைத்துக்கொண்டிருக்கும் கிழவரா இப்படி எழுதினார்!

ஆனால் அம்மம்மா அனுப்பியதில் இதுவரை பார்த்த உறைகளில் எல்லாம் 'திரு. பூபாலசிங்கம்'. யார் இந்த ஆள்? அம்மாவிடம் கேட்கவே பயமாக இருக்கிறது.

17.2

கேட்டேன். அம்மாவுக்குச் சிரித்துப் புரையேறிவிட்டது.

"விசரி! அவர் அப்பாவோடை சமறியிலை இருந்தவர். அந்தக் காலத்திலை புருசன்ரை பேரைச் சொல்லவும் மாட்டினம், எழுதவும் மாட்டினம். அதுதான் அவற்றை பேரிலை போட்டவ."

20.2, செவ்வாய்

மிச்சத்தையும் வாசித்துவிட்டேன். பூபாலசிங்கத்துக்குப் பதுளைக்கு மாற்றம் வந்திருக்கிறது. போகும்போது, தன் கடிதங்களை யாழ்ப்பாணத்தில் காரைநகர் வீட்டுக்குத் திருப்பிவிடும்படி தபாற்கந்தோரில் சொல்லிவிட்டார். அம்மம்மா எழுதியதெல்லாம் காரைநகருக்குப் போக, பூபாலசிங்கத்தின் தாய், மகன் வந்து உடைக்கட்டும் என்று பத்திரமாக அடுக்கி வைத்திருக்கிறா. பிறகு அவர் நடந்ததை எழுதி, மன்னிப்புக் கேட்டு, எல்லாவற்றையும் கட்டோடு அனுப்பிய கடிதமும் இருக்கிறது.

இங்கே அம்மப்பா: "ஒரு வரி இல்லை. நான் வேண்டாம் என்று ஆகிவிட்டதா?" அங்கே அம்மம்மா: "எழுதிக்கொண்டுதானே இருக்கிறேன்." அதுவும் காரைநகருக்கு!

கடைசியாக ஓர் உறை. 'திரு. மு. நாகேந்திரம்' என்று அம்மப்பாவின் பெயர், நடுங்கிய எழுத்தில். உள்ளே: "உங்கள் ஆயுசு குறையும் என்றுதான் பெயரை எழுதாமல் இருந்தேன். இன்று எழுதிவிட்டேன். பிள்ளையார் பொறுப்பார். எனக்கு நீங்கள் வேண்டும்."

'அம்மா கேக்கிறா' என்று நான் சொல்வதும் பூபாலசிங்கத்துக்கு எழுதுவதுதான். அம்மா ஒருநாளும் கேட்டதில்லை.

25.2, ஞாயிறு

எடுத்தார். காசு கொடுத்துப் போன் கதைக்கிற கொமினிக்கேசன் கடையிலிருந்து. பின்னால் வரிசையில் நிற்பவர்களின் சத்தம்.

"அம்மா எப்பிடி?"

"அம்மாவை விடுங்கோ. எனக்குத்தான் நீங்கள் இல்லாமல் இருக்க ஏலாமல் கிடக்கு. நான்தான் கேக்கிறன். வாங்கோ."

லைன் போய்விட்டதோ?

"கேக்குதே?"

"கேக்குது... நீர் ஒருநாளும் இப்பிடிச் சொன்னதில்லை."

பின்னால் யாரோ, "மாஸ்ரர், கெதியாக் கதையுங்கோ!"

"நாளைக்கே போய்ப் பதியிறன்" என்றார்.

வெட்கமாக இருக்கிறது. சந்தோஷம், சந்தோஷம்.

19.3

கப்பலுக்கு இன்னும் அனுமதி வரவில்லை.

22.4, ஞாயிறு

இன்று அழைப்பும் இல்லை. அங்கே லைன் வேலை செய்யவில்லையாம். அம்மாவோடு காரணமில்லாமல் சண்டை பிடித்தேன்.

12.5, சனி

திருகோணமலையில் கப்பலால் இறங்கி, வான் பிடித்து மத்தியானம் வந்து சேர்ந்தார். கன்னம் ஒட்டிக் கறுத்துப் பாதி ஆளாகிவிட்டார். இரண்டாம் தரமும் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நான் பக்கத்திலேயே இருந்தேன்.

ஆகஸ்டிலிருந்து அம்மா என் அறையில்தான் படுத்தா. இன்று தானாகவே தலையணையை எடுத்துக்கொண்டு ஹோலுக்குப் போய்விட்டா.