கவ்வாத்து மலையில் இடது பக்கம்

யூஜினா,

தோட்டப் பள்ளியில் படிப்பித்துக்கொண்டே பதினைந்து வருடம் நான் நடந்து குறித்துவைத்த மலைப்பாதைகளை உன் பெயரில் புத்தகமாக்கியபோது ஒரு கணமாவது என்னை நினைத்தாயா? எனக்குத் தெரியவில்லை.

நாளை பயணிகளுடன் நோர்வூட்டுக்கு மேலே ஏரி பார்க்க வருகிறாயாம். என் குறிப்பை ஒரு சொல்லும் மாற்றாமல் அச்சிட்டிருக்கிறாய்: “கவ்வாத்து வெட்டிய மலையில் இடது பக்கம் திரும்பவும்.” நான் அதை எழுதி நான்கு வருடமாகிறது. அன்று கட்டையாக வெட்டிய தேயிலை இன்று இடுப்பளவு தழைத்து நிற்கிறது. இந்த வருடக் கவ்வாத்து அடுத்த மலையில். அங்கே இடது பக்கம் திரும்பினால் அட்டை நிறைந்த சதுப்புதான். நீயும் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள். கவ்வாத்து இடம் மாறும் என்பதைக் கொழும்பில் மறந்துவிட்டாய்.

தொலைபேசியில் சொல்லலாம். சொல்லமாட்டேன். இந்தக் கடிதத்தையும் அனுப்பமாட்டேன்.

உன் பழைய அறைத்தோழி

மறுநாள் மாலை:

முழங்கால் சேற்றில் நீ புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்ததை மேலிருந்து பார்த்தேன். கொழுந்து பறித்த ராக்காயி அக்கா உன்னைக் கூப்பிட்டது எனக்கும் கேட்டது.

“ஏரிக்கா போறீங்க? அது அங்கிட்டுங்க. எங்க டீச்சரம்மா கண்டுபிடிச்ச பாதைதானே, அவங்களையே கேட்டிருக்கலாமே.”

பயணிகளில் ஒருவர் உன்னிடம் ஏதோ கேட்டார். நீ புத்தகத்தை மூடிப் பைக்குள் வைத்தாய்.

ஏரிவரை அவர்களை நான்தான் கூட்டிப்போனேன். உன்னைக் கூப்பிடவில்லை.