தலைமாறிக் கிடந்த கட்டை

என்னிடம் வாய் கொடுத்துத் தோற்று, தோற்றதற்கும் சேர்த்துத் தானே சிரிக்கிற என் மாப்பிள்ளைக்கு,

உங்கள் மச்சான் எழுதிக்கொள்வது. மூணாங்கிளாஸோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். இந்த எழுத்தைப் பார்த்தால், "ஏனுங்க மச்சான், பேனாவ நீங்க புடிச்சீங்களா, ஊட்டுக் கோழி புடிச்சுதுங்களா?" என்றுதான் கேட்பீர்கள். கேளுங்கள். அப்படிக் கேட்க எனக்கு இப்போது ஆளில்லை.

இங்கே முதலமடையில் மாங்காய் லாரிகளெல்லாம் போய் முடிந்துவிட்டன. தோப்பு வெறிச்சென்று கிடக்கிறது. நான் மலைமேல் ஆனைக்கரைக்குப் போய், என் தங்கச்சியும் உங்கள் பெண்டாட்டியுமான பாப்பாத்தியைப் பார்த்துவிட்டு நேற்றுத்தான் இறங்கி வந்தேன். அங்கே நடந்ததை உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்ல? நாலு பேர் காதிலும் விழட்டும் என்றுதான் உரக்கவே எழுதுகிறேன். ரேடியோ வைத்திருக்கிறவர்களுக்கு இதில் கொஞ்சம் புத்தியும் இருக்கிறது.

உங்களுக்கும் ரேடியோவுக்கும் இருந்த சிநேகம் ஊரறிந்தது. ஏலத்தோட்டத்தில் மேஸ்திரி வேலை கிடைத்து மலையேறினபோது, வீட்டிலிருந்த பெரிய வால்வு செட்டைக் கன்றுக்குட்டி மாதிரி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனீர்கள். பொள்ளாச்சி, பழனி, தேனி, குமுளி என்று பஸ் மாறி மாறிப் போய் இறங்கின பிறகுதான் கேட்டீர்கள், வீட்டுக்குக் கரண்டு உண்டா என்று. அந்தச் செட்டின் தலையில் பாப்பாத்தி அரிசிச் சம்படத்தை வைத்தாள். "பொட்டி பாடாட்டி என்னங்க மாப்பிள்ளை, படியளக்குதே" என்று நான் சொன்னதற்கு அன்றைக்குப் பூராவும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தீர்கள்.

அதை விற்றுவிட்டுத்தான் கட்டையில் பாடுகிற டிரான்சிஸ்டர் வாங்கினீர்கள். கடைக்காரர் இரண்டு பேண்டு போதும் என்றார். "மல இடுக்குல இருக்கறவனுக்குக் காது கொஞ்சம் சாஸ்தி வேணுமுங்க" என்று மூன்று பேண்டே கேட்டு வாங்கினீர்கள். ஒன்று சொல்கிறேன், அது சரியான பேச்சு. செட்டு வாங்குகிறவர்கள் கடையில் எப்படிப் பாடுகிறது என்று பார்க்கக்கூடாது. தன் வீட்டில் எப்படிப் பாடும் என்று பார்க்க வேண்டும்.

அப்புறம் நீங்கள் அந்த மலைக்கே ரேடியோ வைத்தியர் ஆனீர்களே! "சேட்டா, ரேடியோ கேடாயி" என்று மலையாளத்துக்காரர்கள் வருவார்கள். "அண்ணாச்சி, பெட்டி பேச மாட்டேங்குது" என்று திருநெல்வேலிப் பக்கத்து ஆட்கள் வருவார்கள். தகரக் கூரைக்கு அடியில் வைக்காதே, ஜன்னலோரம் வை என்பீர்கள். இரைச்சல் வந்தால் செட்டைத் தட்டாதே, மெல்லத் திருப்பு என்பீர்கள். ஈரம் ஏறியிருந்தால் ஏலக்காய் உலர்த்துகிற அறையில் வை என்றும் சொல்லிவிட்டீர்கள். அங்கே வைத்த ஒரு செட்டின் குமிழெல்லாம் சூட்டில் இளகி ஆமவடை மாதிரி ஆகிவிட்டது. அந்த மனிதர் சண்டைக்கு வந்தபோது நீங்கள் சொன்னது என்ன? "பாட்டு வராட்டிப் போகுது, வாசம் வருதில்ல?"

ஆனால் மாப்பிள்ளை, ஊருக்கெல்லாம் புத்தி சொன்ன உங்களுக்குக் கட்டை போட மட்டும் கடைசி வரைக்கும் வரவில்லையே, அது ஏன்?

படிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன். ரேடியோவுக்கும் டார்ச்சுக்கும் போடுகிற பேட்டரியைத்தான் நாங்கள் கட்டை என்போம். மொட்டு இருக்கிற பக்கம் தலை, தட்டையான பக்கம் கால். எங்கள் மாப்பிள்ளையின் செட்டில் ஒரு கட்டையின் தலை இந்தப் பக்கம் என்றால் அடுத்ததின் தலை அந்தப் பக்கம் இருக்க வேண்டும். இவருக்கோ அது மனசுக்கு ஒப்பாது. "ஒரே ஊட்டுல படுக்கறவங்க ஆளுக்கொரு தெசைல தல வெப்பாங்களா மச்சான்? ஒருத்தன் வடக்க தல வெச்ச மாதிரி ஆயிருமில்ல?" என்று கேட்பார். "கலியாண ஊட்டுல எடம் பத்தாம தலமாடு கால்மாடாப் படுக்கறதில்லீங்களா, அப்படி நெனச்சுக்கோங்க" என்பேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்வார். அடுத்த முறை மறுபடி ஒன்றைத் திருப்பிப் போட்டுவிட்டு, செட்டு கேடாயி என்பார்.

இந்த மழையில் உங்களுக்கு நெஞ்சில் சளி கட்டியது, காய்ச்சல் இறங்கவில்லை. சேதி வந்து நான் மலையேறுவதற்குள் உங்களை வாசலில் கிடத்தியிருந்தார்கள். அதைப் பற்றி எழுத எனக்குக் கை வரவில்லை. விடுங்கள்.

காரியமெல்லாம் முடிந்து நாங்கள் இறங்கி வந்த பிறகு உங்கள் மகள் செல்வி சொல்லியனுப்பினாள். "மாமா, அம்மா சரியாச் சாப்புடறதில்ல. ரேடியோ முன்னாலயே உக்காந்திருக்குது. நீங்க வந்தா நல்லாயிருக்கும்." உடனே கிளம்பிப் போனேன்.

பாப்பாத்தியைப் பார்த்தால் உங்களுக்கே அடையாளம் தெரியாது. காதுத் தோடு மட்டும்தான் பழையபடி இருக்கிறது. வெளியே மூடுபனி. உள்ளே அலமாரியில் உங்கள் செட்டு, தோல் உறையோடு. அதன் முன்னால் பாயைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"வாங்கண்ணா," என்றாள். செட்டைக் காட்டி, "அவரு மூச்சு நின்னப்பவே இதுவும் நின்னு போச்சுங்கண்ணா," என்றாள். அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் இந்தச் சேதியைக் கேட்டு வந்து பார்த்துவிட்டுப் போகிறார்களாம். ஒரு கிழவர் கன்னத்தில் போட்டுக்கொண்டாராம்.

"கடைசியா அவரு கையால போட்ட கட்ட இது. ஒருத்தரும் தொடக்கூடாது. அவரு என்னைக் கூப்புடறப்ப இது பாடும்."

அப்போதுதான் செல்வி ஏன் சொல்லியனுப்பினாள் என்று எனக்கு உறைத்தது. இவள் பாட்டுக்காகக் காத்திருக்கவில்லை, மாப்பிள்ளை. போவதற்குக் காத்திருக்கிறாள்.

எழுந்து பக்கத்தில் போய்ப் பார்த்தேன். சுவிட்சு போட்டபடியே இருந்தது. செட்டின் அடியிலிருந்து பழுப்பாக ஏதோ கசிந்து பலகையில் வழிந்திருந்தது. கட்டை ஊற்றிக்கொண்டிருக்கிறது. அப்படியே விட்டால் அந்த நீர் உள்ளே இருக்கிற கம்பியையெல்லாம் தின்றுவிடும். என் வாய்தான் உங்களுக்குத் தெரியுமே, யோசிக்காமல் திறந்துவிட்டது.

"அம்மிணி, கட்டைய எடுத்தரோணும். வெச்சிருந்தா ஊறிப் போயிரும்."

சொல்லி முடித்த பிறகுதான் என் காதிலேயே அது விழுந்தது. அன்றைக்கு வாசலில் உங்களை வைத்துக்கொண்டு மழையைப் பார்த்துப் பார்த்துப் பெரியவர்கள் சொன்னது இதே பேச்சு. ஒரு சொல்கூட மாறவில்லை.

பாப்பாத்தி என்னை நிமிர்ந்து பார்த்தாள். "எடுத்தாச்சேங்கண்ணா. இன்னும் எத்தன தடவ எடுப்பீங்க?"

செல்வி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டாள்.

மறுநாள் காலையில் பாப்பாத்தியே செட்டைத் தூக்கிக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தாள். இரவெல்லாம் யோசித்திருப்பாள் போல. "ஊறிப் போயிரும்னு சொன்னீங்களே, பாருங்க. பாத்துட்டு மறுபடி அப்படியே வெச்சரோணும்," என்றாள். நான் பின் மூடியைக் கழற்றினேன்.

மாப்பிள்ளை, ஒரு கட்டை தலைமாறிக் கிடந்தது.

அதுதான் ஊதி, வெடித்து, சுற்றியிருந்ததையெல்லாம் நனைத்திருந்தது. எனக்குச் சிரிப்புத்தான் முதலில் வந்தது, நிசமாகச் சொல்கிறேன். சாகப்போகிற நேரத்திலும் இந்த மனிதர் வடக்கே தலை வைக்க மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்திருக்கிறாரே என்று. "அம்மிணி, இதுல அதிசயமெல்லாம் ஒண்ணுமில்ல. மாப்பிள்ளை ஒரு கட்டையத் திருப்பிப் போட்டுட்டாரு. போட்டதுல இருந்தே இது பாடியிருக்காது," என்றேன்.

சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் முகம் வெளிறிப்போனது.

"பாடலீங்கண்ணா," என்றாள். "நெசந்தான். அன்னைக்குப் பாடவே இல்ல."

அப்புறம் சொன்னாள். செல்வி மருந்துக்குப் போயிருந்த சமயம். புதுக் கட்டை போட வேண்டும் என்று நீங்கள் அடம்பிடித்தீர்களாம். நீங்களேதான் போட்டீர்களாம். சுவிட்சைத் திருகி நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு, "பாடுதா பாப்பாத்தி?" என்று கேட்டீர்களாம். உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, பாடவில்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. "பாடுதுங்க," என்று சொல்லிவிட்டாள்.

"தன் காதுதான் போயிருச்சுன்னு நெனச்சிருப்பாருங்கண்ணா. நான் பாடுதுன்னு சொன்னதுனாலதான், இனி நமக்கு அவ்வளவுதான்னு நெனச்சிருப்பாரு. நாந்தான் அவரப் பயமுறுத்தி அனுப்பிட்டேன்." அவர் மூச்சோடு செட்டும் நின்றது என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாளே, அதற்குக் கீழே இதைத்தான் மூடி வைத்திருந்தாள்.

"அவரு என்ன சொன்னாரு?" என்று கேட்டேன்.

"ஆமா, நல்ல பாட்டுன்னாரு. கண்ண மூடிக்கிட்டாரு."

"கை எங்க இருந்துச்சு?"

"செட்டு மேலதான். முன்னால, அந்தத் துணி மேல."

நான் அவளிடம் சொன்னேன், மாப்பிள்ளை. நீங்கள் ஒரு செவிட்டு ஆளுக்குச் சொன்ன வைத்தியம் ஒன்று உண்டே! காது கேட்காவிட்டால் ஸ்பீக்கர் துணி மேல் உள்ளங்கையை வைத்துப் பார், பாடினால் அதிரும், கையே கேட்டுக்கொள்ளும் என்று. நீங்கள் சொன்ன வைத்தியத்திலேயே பழுதில்லாதது அது ஒன்றுதான். துணி மேல் கை வைத்திருந்த ஆளுக்கு, செட்டு பாடவில்லை என்று தெரியாமலா இருந்திருக்கும்? காது போகவில்லை என்று உங்களுக்குத் தெரியும். பெண்டாட்டி தனக்காகப் பொய் சொல்கிறாள் என்றும் தெரியும். அதனால்தான் நல்ல பாட்டு என்றீர்கள். அப்படித்தானே? நான் சொன்னது சரிதானே?

எனக்கு உறுதியாகத் தெரியாது. ஆனால் அவளிடம் உறுதியாகத் தெரிந்த மாதிரிதான் சொன்னேன்.

பாப்பாத்தி வெகுநேரம் அழுதாள். உங்களை எடுத்த அன்றைக்குக்கூட அவள் அப்படி அழவில்லை. அழுது முடித்து, "எடுத்துருங்கண்ணா," என்றாள். நான் எடுத்தேன். அந்த ஊதின கட்டை லேசில் வரவில்லை. நெம்பினேன். அடியிலிருந்த சுருள் கம்பி துருவேறிப் பொடியாக உதிர்ந்தது. உப்புத்தாளால் தேய்த்தேன், காய்ந்த துணியால் துடைத்தேன், புதுக் கட்டைகளைத் தலை பார்த்துப் போட்டேன். பாடவில்லை. உள்ளே நிறையத் தின்றுவிட்டது. இதைப் படிக்கிறவர்களே, செட்டு சும்மா கிடக்கப்போகிறது என்றால் கட்டையைக் கழற்றி வைத்துவிடுங்கள். பழசோடு புதுசைச் சேர்த்துப் போடாதீர்கள். யார் போட்டதாக இருந்தாலும், கசிய ஆரம்பித்ததை உள்ளே வைத்திருக்காதீர்கள்.

பாடாத செட்டைப் பாப்பாத்தி துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தாள். மத்தியானம் செல்வி போட்ட சோற்றில் பாதி தின்றாள். பாதிதான். கீழே வந்து எங்களோடு இரு என்று கூப்பிட்டேன். இப்போது வேண்டாம் என்றாள். இனி பாடும் என்று காத்திருக்க மாட்டாள் என்று மட்டும் தோன்றியது. அதற்கு மேல் சரியாகிவிட்டாள் என்று எழுதினால் உங்களை ஏமாற்றுகிறவன் ஆவேன்.

பஸ் ஏற்றிவிட வந்தவள், வண்டி கிளம்புகிற நேரத்தில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "இனிப் பொய் சொல்றதுக்குக்கூட ஆளில்லீங்கண்ணா எனக்கு."

குமுளி வரைக்கும் என்னால் தலை நிமிர முடியவில்லை.

மாப்பிள்ளை, உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். ஆடி கழியட்டும், மறுபடியும் மலையேறுகிறேன். அதற்கப்புறமும் ஏறிக்கொண்டேயிருப்பேன். "எப்படி இருக்கற அம்மிணி?" என்று கேட்பேன். "எனக்கென்னங்கண்ணா, நல்லாத்தான் இருக்கறேன்" என்பாள். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே, ஆமாம் என்று நம்பிக்கொள்வேன்.

இப்படிக்கு,
பாப்பாத்திக்குக் கூடப்பிறந்த அண்ணன்,
உங்கள் வாயாடி மச்சான்
ஆறுச்சாமி